முத்துலக்ஷ்மி அம்மையார் விட்டுச்சென்ற கடமை

சேலம், நாமக்கல் சமவெளிக் கிராமங்களிலே புற்றுநோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், பல குடும்பத்தாருக்கு உடனே நினைவில் எழுவது சென்னை அடையாறு. அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் சரித்திரத்தை இன்று நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

அம்மையார் 1886-ஆம் வருஷம் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அதிசயமாயிருந்த நாளில், ஆண்களுக்கென இருந்த கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியாகி, உபதலைவர் பதவியும் வகித்தார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே போராடினார். 1930-ல் காந்தியடிகள் சிறைப்பட்டதும் அப்பதவியைத் துறந்தார்.

1923-ல் அவருடைய தங்கை புற்றுநோய்க்கு இரையானார். வைத்தியம் கற்றும் உடன்பிறந்தவளைக் காக்க இயலாத அத்துயரம் அம்மையாரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. தீராத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி ஏன் என்ற அலட்சியத்தை எதிர்த்துப் பல்லாண்டு உழைத்தார். 1952-ல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி தொடங்கியது. கோபால்ட் கிரண சிகிச்சையும் 1950-களிலேயே அங்கு வந்தது. 1968-ல் அம்மையார் காலமானார்.

நோயைச் சுடும் கிரணம் நல்ல சதையையும் சுடும் என்பது அக்காலத்திலேயே தெரிந்த விஷயம். இத்தீங்கைக் குறைக்கவே புரோட்டான் சிகிச்சை பிறந்தது. 2019-ல் சென்னைக்கும் அது வந்து சேர்ந்தது. அணுவின் கருவிலுள்ள புரோட்டான் என்னும் துகள் தேகத்தினுள் குறித்த ஆழம்வரை சென்று, அங்கே தன் வலிமையைச் செலவிட்டு நின்றுவிடும். அப்பாலுள்ள உறுப்புகள் பெரும்பாலும் தப்புகின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வழியிலே யந்திரத்தின் உலோகத்தையும் தேகத்தின் அணுக்களையும் புரோட்டான் மோதுங்கால், நியூட்ரான் என்னும் துகள்கள் தெறிக்கின்றன. இவை குறித்த இடத்தில் நில்லாமல் தேகமெங்கும் பரவுகின்றன. கரி அணுக்களைச் செலுத்தும் முறையிலோ, அவ்வணுக்களே உடைந்து, சிதறல்கள் குறித்த ஆழத்தையும் தாண்டுகின்றன. இவ்விரண்டாந்தரக் கிரணங்களின் அளவு சொற்பமே. ஆனால் அளவுக்கு அளவு ஒப்பிட்டால், நியூட்ரான் செய்யும் கேடு எக்ஸ்ரேயினும் அதிகம். அதனால் பல வருஷங்கள் கழித்து மற்றொரு புற்றுநோய் தோன்றக்கூடும். வளரும் தேகமும் நீண்ட ஆயுளும் உடைய குழந்தைகளுக்கே இவ்வபாயம் மிகுதி. மெல்லிய கற்றையைக் காந்தத்தால் நகர்த்தித் தீட்டும் புதிய முறையில் நியூட்ரான்கள் வெகுவாகக் குறைகின்றன.

இதைக் கேட்டு எவரும் சிகிச்சையை மறுத்தலாகாது. இன்று கொல்லும் நோய்க்கும், என்றோ ஒரு சிலருக்கு வரக்கூடிய தீங்குக்கும் உள்ள பேதம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. நாம் கேட்பதெல்லாம், பெற்றோரிடம் முன்னதாகவே உண்மையை அவர்கள் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிழைத்த குழந்தையை ஆயுள் முழுதும் பரிசோதித்து வரவேண்டும் என்பதே. ராசிபுரத்துக் குழந்தைக்கு முப்பது வருஷங்களுக்குப் பின் புதிதாய் ஒரு கட்டி தோன்றினால், அன்று பெற்ற கிரணத்தின் கணக்கு அவ்வூர் வைத்தியர் கைக்குக் கிட்ட வேண்டாமா?

தங்கையை இழந்த துயரத்தை ஊருக்கெல்லாம் உதவும் ஆஸ்பத்திரியாக மாற்றினார் அம்மையார். உயிரைக் காப்பது முதற்கடமை. காத்த உயிரைக் கைவிடாதிருப்பது அடுத்த கடமை. முன்னதற்கு அவர் வழி திறந்தார். பின்னதைச் சர்க்காரிடம் வற்புறுத்திப் பெறுவது பொதுஜன ஊழியர்களாகிய நம்மைச் சேர்ந்தது.