கடல்கடந்த மருத்துவர்களின் ஆசான் பாட்ரிக் மேன்சன்

மருத்துவம் பயிலும் மாணவர் தம் கல்விக் காலத்திலேயே சில கிழமைகள் அயல்நாட்டு மருத்துவமனை ஒன்றில் தங்கிப் பயிற்சி பெறுதல் இந்நாளில் பல நாடுகளில் வழக்கமாகியுள்ளது. புறப்படுமுன் அம்மாணவரை எவ்வாறு ஆயத்தம் செய்வது? அந்நாட்டு நோய்களை அவர் எங்கே காண்பது? அம்மக்களோடு எவ்வாறு பழகுவது? இவ்வினாக்களைத் தம் வாழ்வின் பட்டறிவிலிருந்தே எழுப்பி, அவற்றுக்கு விடையாக ஒரு பள்ளியையே நிறுவியவர் சர் பாட்ரிக் மேன்சன்.

தமிழ்த்துறை மலரில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஒருவரின் வரலாறு எதற்கு என வினவுவார் இருக்கலாம். யானைக்கால் நோய் தமிழகத்துக்குப் புதியதன்று. அந்நோயின் கிருமியைக் கண்டறியச் சுகாதார ஊழியர் இரவு நேரத்தில் வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பதை நம்முள் மூத்தோர் பலர் அறிவர். பகலை விட்டு இரவைத் தேர்ந்தது ஏன் என்பதைப் பலர் அறியார். அக்காரணத்தை உலகுக்கு அறிவித்தவர் இவரே.

மேன்சன் 1844 அக்டோபர் 3ஆம் நாள் அபர்தீன் நகருக்கு அருகில் ஓல்டுமெல்ட்ரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். கடும் உழைப்பால் முதுகெலும்பு வளைந்தது, வலக்கை தளர்ந்தது. தொழிலைக் கைவிட்டு நெடுநாள் படுத்திருந்தவர், பின்னர் இயற்கை நூலையும் மருத்துவத்தையும் நாடினார். 1865இல் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

1866இல் சீனப் பேரரசின் கடற்சுங்கத் துறையில் மருத்துவப் பணி கிடைத்தது. பார்மோசாத் தீவின் தக்காவோ துறைமுகம் அவர் சென்றடைந்த இடம்; இன்றைய தைவானின் காவோசியுங் நகரம் அதுவே. அப்போது அவருக்கு அகவை இருபத்திரண்டுக்கு மேலில்லை. வரும் கப்பல்களைப் பார்வையிடுவதும் மாலுமிகளைச் சோதிப்பதும் வானிலை குறித்து வைப்பதும் அலுவல். இவற்றுக்கிடையே மிஷன் மருத்துவமனைக்குச் சென்று சீன நோயாளிகளுக்கும் சிகிச்சை அளித்தார். அங்கே அவர் கண்ட நோய்கள் பலவற்றை அபர்தீனில் எந்த ஆசிரியரும் கற்பித்ததில்லை. கைநிறையப் பட்டமும் கண்முன்னே பெயர் தெரியாப் பிணியுமாக நின்ற அவ்விளைஞரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் சீன மொழியைக் கற்றார். சீன மக்களோடு நட்புப் பூண்டார். இவை அவருக்கு எவரும் வகுத்துத் தந்த பாடங்கள் அல்ல.

1871இல் சீனக் கரையின் அமாய் துறைமுகத்துக்குச் சென்றார். யானைக்கால் நோய் அவ்வூரில் மிகுதி. வீங்கிய உறுப்புகளை அறுவை செய்து பலரின் துயர் தீர்த்தார். ஆயினும் நோயின் காரணம் விளங்கவில்லை. 1875இல் விடுப்பில் தாயகம் சென்றபோது நூலகத்தில் அமர்ந்து தேடினார். கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் என்னும் மருத்துவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டு 1872இல் வெளியிட்ட செய்தி அங்கே அவர் கண்ணிற்பட்டது. ஆசியாவில் கண்டதொன்றை ஆசியாவிலேயே பணிபுரிந்தவர் இலண்டன் சென்று அறிய வேண்டியிருந்த நிலை அன்றைய மருத்துவக் கல்வியின் குறையைக் காட்டுகிறது என்போம்.

அமாய்க்கு மீண்டவர், சீன உதவியாளர் இருவரை மாறி மாறி அமர்த்தி நோயாளிகளின் இரத்தத்தை இரவும் பகலும் நுண்ணோக்கியில் காணச் செய்தார். இரவில் புழுக்கள் திரள்கின்றன, பகலில் மறைகின்றன. அவ்வாறாயின் இரவில் இரத்தம் குடிக்கும் ஏதோ ஓர் உயிர் அப்புழுக்களுக்குத் துணையாதல் வேண்டும். மேன்சனின் ஐயம் கொசுவின்மேல் சென்றது. 1877இல் ஒரு சோதனை நிகழ்ந்தது. இரத்தத்தில் புழுக்களையுடைய ஹின் லோ என்பவர் மேன்சனிடம் பணிபுரிந்தவர். அவரை ஓர் அறையில் உறங்கச் செய்தனர். விளக்கை ஏற்றிக் கதவைத் திறந்து வைத்துக் கொசுக்கள் நுழைந்தபின் சாத்தினர். விடிந்ததும் இரத்தம் பருகிய கொசுக்களைப் பிடித்து மேன்சன் ஒவ்வொன்றாய் அறுத்து ஆராய்ந்தார். கொசுவின் உடலுக்குள் புழு வளர்வதைக் கண்டார். பூச்சி ஒன்று மனித நோய்க்கிருமியை வளர்க்கும் என்பது அதுகாறும் அறியப்படாதது.

கண்டது முழுமையன்று. குருதி குடித்த கொசு நீரில் முட்டையிட்டு மடியும் என்றும், அந்நீரைப் பருகுவோரைப் புழு பற்றும் என்றும் மேன்சன் நம்பினார். கொசு பற்றிய நூலொன்று வேண்டுமென இலண்டனுக்கு எழுதியபோது கரப்பான் பூச்சி பற்றிய நூல் வந்து சேர்ந்ததாக வரலாற்றாசிரியர் கூறுவர். தகுந்த நூலின்றித் தனித்திருந்து உழைத்தவரின் பிழை அது. கொசுவின் கடியே புழுவை மனிதரிடம் சேர்க்கும் வழி என்பதற்கு 1900இல் சான்று காட்டியவர் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ. மேன்சன் நிறுவிய பள்ளியைச் சார்ந்தவரே அவர். ஆசிரியரின் பிழையை மாணவர் திருத்துவதைவிட ஒரு பள்ளிக்குப் பெருமை வேறுண்டோ?

1883இல் ஹாங்காங் சென்ற மேன்சன், 1887இல் சீன இளைஞர்களுக்கென மருத்துவக் கல்லூரி தொடங்குவதில் முன்னின்று அதன் முதல் தலைவரானார். பிற்காலத்தில் சீனக் குடியரசின் தந்தை எனப் போற்றப்பட்ட சன் யாட் சென் அக்கல்லூரி மாணவர். 1896இல் அவர் இலண்டனில் சீனத் தூதரகத்துள் அடைத்து வைக்கப்பட்டபோது, விடுதலைக்கு ஓடியாடி உழைத்தவர்கள் பழைய ஆசிரியர்களான ஜேம்ஸ் கேன்ட்லியும் மேன்சனும் ஆவர்.

1889இல் தாயகம் திரும்பி, சில ஆண்டுகளில் இலண்டனின் கடலோடிகள் மருத்துவமனையில் மருத்துவரானார். 1894இல் விடுப்பில் வந்திருந்த இந்திய மருத்துவப் பணி அதிகாரி ரொனால்டு ராஸுக்கு மலேரியாக் கிருமியை நுண்ணோக்கியில் காட்டினார். கொசுவே அக்கிருமியின் இருப்பிடமாகலாம் என்னும் தம் கருத்தையும் உரைத்தார். ராஸ் இந்தியா திரும்பியபின் இருவரிடையே நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் சென்று வந்தன. கடல்கடந்த மாணவருக்குக் கடிதம் வாயிலாகவே பாடம் நடந்தது எனலாம். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அக்கொசு கடித்தது உசேன் கான் என்னும் நோயாளியை. கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா அவருக்குக் கூலி. நோபல் பரிசு 1902இல் ராஸுக்குக் கிட்டியது. பள்ளிப் பாடங்களில் ராஸ் இருக்கிறார், மேன்சன் ஓரளவு இருக்கிறார்; தம் உடலைத் தந்த ஹின் லோவும் உசேன் கானும் இல்லை. அயல்நாட்டில் பயிலப் போகும் மாணவர் யாரிடம் கற்கிறார் என்பதை இவ்விரு பெயர்களும் தெளிவாக்கும்.

1897இல் மேன்சன் குடியேற்ற நாடுகள் துறையின் மருத்துவ ஆலோசகரானார். வெப்ப நாடுகளுக்குச் செல்லும் மருத்துவர்க்குத் தனிப்பயிற்சி இன்றியமையாதது என அவ்வாண்டு முதல் வலியுறுத்தினார். எதிர்ப்பும் எழுந்தது, கடலோடிகள் மருத்துவமனை மருத்துவரிலேயே சிலர் ஒப்பவில்லை. அமைச்சர் ஜோசப் சேம்பர்லின் துணைநின்றார். அவர் நோக்கம் பேரரசின் நலமே என்பதை மறைத்தற்கில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆங்கில அதிகாரிகள் மாண்டவண்ணம் இருந்தனர். அந்நாட்டு மக்களின் நோய் நீக்குதல் அவர்க்கு இரண்டாம் கருத்தே என நாம் எண்ணுகிறோம். விதைத்தவர் கருத்து எதுவாயினும் விளைச்சலில் பிறர்க்கும் பங்கு கிட்டியது.

1899 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டன் வெப்ப மண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. லிவர்பூல் பள்ளி சில திங்கள் முந்திக்கொண்டது. மேன்சன் பள்ளிக்குத் தேர்ந்த இடம் நகரின் நடுவன்று. ஆல்பர்ட் கப்பல்துறையில் இருந்த மருத்துவமனை. கிழக்கிலிருந்து வரும் கப்பல்கள் அங்கே நங்கூரமிடும். லஸ்கர் எனப்பட்ட இந்தியக் கப்பலோட்டிகளும் சீனரும் ஆப்பிரிக்கரும் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் அங்கே வந்து படுத்தனர். மலேரியாவைப் படத்தில் காணாது படுக்கையருகே நின்று காண்பதும், குருதித் துளியைக் கண்ணாடிச் சில்லில் பரப்பிச் சாயமேற்றித் தாமே நுண்ணோக்கியில் தேடுவதும் மாணவர் கடமை. கப்பலேறுமுன் கற்க வேண்டியதைக் கப்பல் வந்து நிற்கும் இடத்திலேயே கற்பித்த அறிவை வியக்கிறோம்.

1900இல் கொசுக் கொள்கையை ஐயமற நிறுவ இரு சோதனைகள் நடந்தன. லோவும் சாம்போனும் உரோம் நகரை அடுத்த மலேரியாச் சதுப்பு நிலத்தில் கொசு புகாக் குடிலில் தங்கிக் காய்ச்சலின்றி மீண்டனர். உரோமில் நோயாளியைக் கடித்த கொசுக்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்குத் தம் கையை நீட்டியவர் மேன்சனின் மகன், மருத்துவ மாணவரான பாட்ரிக் தர்பர்ன் மேன்சன். அவருக்கு மலேரியா கண்டது, குயினைனால் தணிந்தது. இரண்டாண்டுகளில், 1902இல், பெரிபெரி நோயாய்வுக்காகக் கிறிஸ்துமஸ் தீவு சென்ற அவ்விளைஞர் துப்பாக்கி விபத்தில் உயிர் நீத்தார். அயல்நாடு செல்லும் பிறர் பிள்ளைகளை ஆயத்தம் செய்த தந்தையின் மகனை அயல்நாடே கொண்டுவிட்டது.

மேன்சன் பணியில் தளரவில்லை. 1903இல் சர் பட்டம் வந்தது. கீல்வாதம் நெடுநாள் வருத்தியது. 1922 ஏப்ரல் 9ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். உடல் அபர்தீனில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பள்ளி 1929இல் கெப்பல் தெருவில் புதுக்கட்டடம் பெற்றது. 1898இல் அவர் எழுதிய வெப்ப மண்டல நோய் நூல், புதுப்புது ஆசிரியர்களால் திருத்தப்பெற்று, அவர் பெயராலேயே இன்னும் வெளிவருகிறது.