டூசான் லூவர்த்தூர்: விலங்கு உடைந்த பின் நிலம் யாருக்கு?

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பேரரசுகளின் குடியேற்றங்களில் மிகுந்த வருவாய் ஈட்டியது கரீபியக் கடலில் இருந்த செயிண்ட் டொமிங். இன்றைய ஹெய்ட்டி நாடு அது. பிரான்சின் துறைமுக நகரங்கள் அங்கு விளைந்த சர்க்கரையாலும் காப்பியாலும் செழித்தன. அந்தச் செழிப்புக்காக உழைத்தோர் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களுமான ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள். 1685ஆம் ஆண்டின் கறுப்பர் சட்டம் அவர்களை அசையும் சொத்தாக வரையறுத்தது. அவர்களுக்கும் வெள்ளையருக்கும் இடையில் விடுதலை பெற்ற கலப்பினத்தவரும் கறுப்பரும் இருந்தனர். தோலின் நிறத்தைப் பல படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியினரும் தமக்குக் கீழுள்ளவரை இழிவாகக் கருதும்படி அமைந்த சமூகம் அது.

அங்கே பிரேடா தோட்டத்தில் 1743ஆம் ஆண்டளவில் அடிமையாகப் பிறந்தார் டூசான். கால்நடைகளைப் பராமரித்தார், வண்டியோட்டினார், எழுதப் படிக்கக் கற்றார். 1776க்குள் விடுதலை பெற்றுவிட்டார். பின்னர் அடிமைகளோடு கூடிய சிறு காப்பித் தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார் என்பதையும் ஆவணங்கள் காட்டுகின்றன. அவரைக் களங்கமற்ற காவிய நாயகனாகக் காண விரும்புவோர் இவ்வுண்மையைத் தவிர்ப்பதுண்டு. ஆனால் அவருடைய பிற்கால முடிவுகளை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாதது.

1789இல் பாரிசில் மனித உரிமைகள் அறிவிக்கப்பட்டபோது அவை தோட்டங்களை எட்டவில்லை. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்தனர். கரும்பு வயல்கள் எரிந்தன. டூசான் சில வாரங்களுக்குப் பின்னரே அவர்களோடு இணைந்தார். சிதறிய கூட்டங்களை ஒழுங்குமிக்க படையாக மாற்றியது அவருடைய ஆற்றல். முதலில் பிரான்சின் எதிரியான ஸ்பெயினின் பக்கம் நின்று போரிட்டார். 1793இல் பிரெஞ்சு ஆணையர் சோந்தோனா வடபகுதியில் அடிமைமுறையை ஒழித்தார். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிசின் தேசியப் பேரவை அதனை எல்லாக் குடியேற்றங்களுக்கும் சட்டமாக்கியது. அவ்வாண்டே டூசான் பிரெஞ்சுக் குடியரசின் பக்கம் திரும்பினார். இவ்வொழிப்பைப் பேரரசின் கருணை எனக் கொள்வது பிழை. எழுச்சியை அடக்கவும் இயலாமல், பிரித்தானியப் படையெடுப்பைத் தனித்து எதிர்க்கவும் இயலாமல் நின்ற பிரான்சுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அடிமைமுறையை நிலைநிறுத்த முயன்ற பிரித்தானியப் படை, மஞ்சள் காய்ச்சலாலும் டூசானின் தாக்குதலாலும் பல்லாயிரவரை இழந்து 1798இல் வெளியேறியது. தெற்கை ஆண்ட கலப்பினத் தளபதி ரிகோவையும் உள்நாட்டுப் போரில் வென்றார் டூசான். 1801இல் அவர் வெளியிட்ட அரசமைப்பு, அடிமைமுறை என்றென்றைக்கும் ஒழிந்ததென அறிவித்தது. அவரையே வாழ்நாள் ஆளுநராகவும் ஆக்கியது.

இங்கேதான் அவர் வாழ்வின் பெரும் முரண் தொடங்குகிறது. ஆயுதம் வாங்கவும் அரசு நடத்தவும் ஏற்றுமதி தேவை. ஏற்றுமதிக்குப் பெருந்தோட்டங்கள் தேவை என அவர் கருதினார். 1800 அக்டோபரில் அவர் பிறப்பித்த ஆணை, விடுதலை பெற்ற உழைப்பாளிகளை இராணுவக் கண்காணிப்பில் தோட்டங்களோடு பிணைத்தது. விளைச்சலில் கால்பங்கு அவர்களுக்கு உண்டு. தோட்டத்தைவிட்டு வெளியேறும் உரிமை இல்லை. அவர்கள் விரும்பியதோ தமக்கெனச் சிறு நிலம். 1801இல் வடக்கில் உழைப்பாளிகள் மீண்டும் கிளர்ந்தபோது, அவர்கள்பால் பரிவு கொண்டிருந்த தம் வளர்ப்பு மருமகன் மோயிசையே டூசான் கொல்லச் செய்தார். அவரை உயர்த்திய மக்களுக்கும் அவருக்கும் இடையிலான பிளவு அன்று ஆழமாயிற்று.

நெப்போலியன் தம் தங்கையின் கணவர் லெக்லெர்க்கின் தலைமையில் அனுப்பிய பெரும்படை 1802 தொடக்கத்தில் வந்திறங்கியது. சில மாதப் போருக்குப் பின் டூசான் உடன்பட்டுப் பணிந்தார். ஜூன் மாதம் பேச்சுவார்த்தைக்கென அழைத்து அவரை வஞ்சகமாகக் கைது செய்தனர். ஜுரா மலைப்பகுதியின் ஃபோர் டி ஜூ கோட்டையில் அடைத்தனர். தம்மை நீதிமன்றத்தில் விசாரிக்குமாறு நெப்போலியனுக்கு எழுதினார், பதில் வரவில்லை. குளிரிலும் நோயிலும் நலிந்து 1803 ஏப்ரல் 7 அன்று இறந்தார்.

தலைவரைச் சிறைப்படுத்தினால் விடுதலையும் முடங்கும் எனப் பேரரசு எண்ணியது. குவாதலூப் தீவில் அடிமைமுறை மீட்கப்படும் செய்தி பரவவே, பெயரறியா மக்களின் எதிர்ப்பு பெருகியது. டெசாலின் முதலிய தளபதிகளும் பிரான்சுக்கு எதிராகத் திரும்பினர். 1803 நவம்பரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி பிறந்தது. ஆயினும் 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி மிரட்டிய பிரான்ஸ், முன்னாள் உடைமையாளர்களின் இழப்புக்கு ஈடாக 15 கோடி பிராங்கு கேட்டது. பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதும், அதற்கென வாங்கிய கடன்களின் சுமை 20ஆம் நூற்றாண்டு வரை நீண்டது. அடிமையாக்கியவர் இழப்பீடு பெற்றார்; அடிமைப்பட்டவர் அதனைச் செலுத்தினார்.

விலங்கை உடைப்பதில் டூசான் எந்தப் பேரரசுக்கும் பணியவில்லை. நிலமும் உழைப்பின் மீதான உரிமையும் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வினாவில் அவர் தம் மக்களை நம்பவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே அவர் வாழ்வு ஒடுக்கப்பட்டோருக்குப் பயன்படும் வரலாறாகிறது.