வித்தியாசாகரர் வகுத்த நடை

வங்காள உரைநடைக்கு உருவளித்த பெரியாருள் ஈசுவரசந்திர வித்தியாசாகரர் தலையாயவர். எழுத்துப் பணியில் ஈடுபட விரும்பும் நம்மவர் அவருடைய வரலாற்றை அறிதல் நலம் எனக் கருதி ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அவர் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பீர்சிங்கா என்னும் சிற்றூரில் ஏழைப் பிராமணக் குடும்பத்திற் பிறந்தார். இளம் பருவத்தில் தந்தையுடன் கால்நடையாகக் கல்கத்தா வந்தபோது, வழியிலிருந்த மைற்கற்களைக் கண்டே ஆங்கில எண்களைக் கற்றார் என்பர். 1829 முதல் அந்நகரத்துச் சமஸ்கிருதக் கல்லூரியிற் பயின்றார். கல்விக்கடல் எனப் பொருள்படும் வித்தியாசாகரர் என்பது அவர்தம் புலமைக்குக் கிடைத்த பட்டமாகும்.

அக்காலத்து வங்காள உரைநடை நிலைபெறாதிருந்தது. ஓரிடத்தில் நெடிய வடமொழித் தொகைகளாற் கனத்தும், வேறோரிடத்தில் கொச்சையாகத் தளர்ந்தும் கிடந்தது. படிப்போர் எங்கே நிறுத்துவது என்பதைக் காட்டும் குறிகளும் அருகியே காணப்பட்டன. வில்லியம் கோட்டைக் கல்லூரி மாணவர்க்கென அவர் 1847-இல் வெளியிட்ட வேதாளக் கதைநூல் புதுவழி காட்டிற்று. காற்புள்ளி முதலிய குறிகளை நிலைபெறச் செய்து, ஓசையும் தெளிவும் ஒத்தியங்கும் நடையொன்றை அவர் வகுத்தார்.

1851-இல் சமஸ்கிருதக் கல்லூரித் தலைவரானார். பிராமணரும் வைத்தியரும் மட்டுமே பயின்ற அதன் வாயிலைக் காயத்தருக்கும் திறந்தார். ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அது திறக்கவில்லை என்பதை நாம் மறைத்தல் ஆகாது. கல்லூரி வாயிலினும் அகன்ற வாயிலை அவருடைய எழுத்தே திறந்தது. 1855-இல் வெளிவந்த வர்ணபரிசயம் என்னும் இரு பகுதிச் சிறுநூல், கோபாலன், இராகாலன் என்னும் இரு சிறுவரைக் காட்டிச் சிறுசிறு வாக்கியங்களாற் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது.

அதே ஆண்டில் விதவை மறுமணத்தை ஆதரித்தும் இரு நூல்கள் எழுதினார். பண்டிதர்க்குள் வடமொழியில் அடங்கிக்கிடந்த சாத்திர வழக்கை, பராசர நூலைச் சான்றாகக் கொண்டு, மக்கள் மொழியில் அவர்முன் வைத்தார். எதிர்ப்பு பெரிதாயிருந்தும் 1856 சூலையில் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 7-இல் கல்கத்தாவில் அச்சட்டத்தின்வழி முதல் மறுமணமும் நடந்தேறியது. 1870-இல் தம் மகனுக்கும் விதவையொருவரையே மணம் முடித்துத் தாம் எழுதியதைத் தம் இல்லத்திலும் மெய்ப்பித்தார்.

1891 சூலை 29-இல் கல்கத்தாவில் அவர் மறைந்தார்.

குழந்தைக்கு எழுதியபோதும் பண்டிதரோடு வாதிட்டபோதும் வாக்கியத்தின் அளவு மாறிற்று, தெளிவு மாறவில்லை. படிப்பவர்க்கு விளங்கவேண்டும் என்னும் ஒரே நோக்கம் அவருடைய எழுத்துகளையெல்லாம் ஒரே குரலாக்கியது. எழுதுகோல் ஏந்தும் நாமும் அந்நோக்கத்தையே முதலிற் கைக்கொள்வோமாக.