கல்லறிந்த கலாயோகி

புத்தளக் கடனீரேரியின் வடபாலுள்ள கரைத்தீவுப் புறத்தாருக்குச் சுண்ணாம்புக்கல் புதுமையன்று. அயலிலுள்ள அறுவைக்காட்டில் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற் படையும், அதன்மேற் கிடக்கும் செம்மண் படையும் வெட்டுமுகங்களிற் கண்கூடாகத் தோன்றும். ஆயின், கண்ணுக்கெட்டா ஆழத்திற் கிடக்கும் படைகளை அறிவது எங்ஙனம்? பாறையினின்று இயல்பாகவே எழும் காமாக் கதிரை அளந்தறிதல் இக்காலத்தார் கையாளும் வழிகளுள் ஒன்று. அக்கதிரைத் தரும் மூலகங்களுள் ஒன்றான தோரியம் செறிந்த கனிப்பொருளொன்று நம் நாட்டு மண்ணிலிருந்தே உலகுக்குத் தெரியவந்தது. அதனோடு தொடர்புடைய பெயர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பதாகும். கலை நூல்களால் அவரை அறிந்தார் பலர். கல்லாராய்ந்த விஞ்ஞானியாக அறிந்தார் சிலரே.

சட்டநிரூபண சபையில் வீற்றிருந்த சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத் அம்மையாருக்கும் மகனாக 1877ஆம் ஆண்டு ஆகத்து 22இல் அவர் கொழும்பிற் பிறந்தார். 1879இல் தந்தையார் மறைந்தார். தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்தில் வளர்ந்து, விக்கிளிஃப் கல்லூரியிற் பயின்றபின், 1900இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார்.

தாயகம் மீண்ட அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராக விளங்கினார். சேரண்டிபைற்று என்னும் புதிய கனிப்பொருளைப் பிரயர் என்பாரோடு சேர்ந்து 1903இல் விவரித்தார். 1904இல் சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினக்கற் படிவுகளிற் கிடைத்த கரிய, பாரமிக்க, கனவடிவப் பளிங்குகளை ஆராய்ந்து, யுரேனியக் கனிப்பொருளான யுரேனினைற்று என அவர் கருதினார். இலண்டனில் இரசாயனப் பகுப்பாய்வு செய்த பேராசிரியர் டன்ஸ்ரன், அதில் எழுபது வீதத்துக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே இருக்கக் கண்டு, புதிய கனிப்பொருளெனத் துணிந்து தோரியனைற்று எனப் பெயரிட்டார். குமாரசுவாமி பயின்ற அதே இலண்டன் கல்லூரியில், 1905இல் ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மானியர் இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்து ரேடியோதோரியத்தைக் கண்டறிந்தார். குமாரசுவாமிக்கு 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

காமாக் கதிரளவை அவர் காலத்துக்குப் பின்னர், 1930களின் இறுதியில், அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளில் வழக்குக்கு வந்தது. உணர்கருவியொன்றை வடத்திற் கட்டி ஆழ்துளையில் இறக்கி, மேலே இழுத்தவாறே அளவைப் பதிவுசெய்வர். பொற்றாசியம், தோரியம், யுரேனியம் ஆகிய மூன்றுமே கதிருக்குக் காரணம். களிப்பாறையில் அவை மிகுதி. தூய சுண்ணாம்புக்கல்லிலும் படிக மணற்கல்லிலும் குறைவு. ஆகவே கோடு ஏறுமிடம் களியென்றும், இறங்குமிடம் மணலோ சுண்ணாம்போ என்றும் பொதுவாகக் கொள்வர். 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்ட மன்னார்க் கடற்படுகை போன்ற இடங்களில், படைகளை வேறுபடுத்தி அறிய இத்தகைய அளவை பெரிதும் உதவும்.

எனினும், நம் நாட்டில் இவ்விதியைக் கண்மூடிக் கொள்ளலாகாது. மிகப் பழைய பளிங்குப் பாறைகள் தேய்ந்து, தோரியம் அடங்கிய மொனசைற்றைக் கடற்கரைக்கு அனுப்புகின்றன; பேருவளைக் கரை மணல் அதற்குச் சான்று. அத்தகைய மணல் படையாகிப் புதைந்தால், கோடு களியைப் போலவே ஏறும். வெறும் மொத்த அளவை நம்புவோன் ஏமாறுவான். ஆதலின் கதிர்களைச் சத்திவாரியாகப் பிரித்து நோக்குவர். பொற்றாசியக் கதிர் 1.46, யுரேனியத் தொடர்க் கதிர் 1.76, தோரியத் தொடர்க் கதிர் 2.62 மில்லியன் இலத்திரன்வோற்று என்னும் அளவுகளில் தனித்தனியே புலப்படும். யுரேனியம் எனக் கொள்ளப்பட்டது தோரியமாக விளங்கிய 1904ஆம் ஆண்டின் படிப்பினையும் இதுவேயாம்: தோற்றத்தாற் கொண்ட முடிவைப் பகுத்தாய்ந்தே உறுதி செய்தல் வேண்டும்.

பாறை தேடி ஊரூராய்ச் சென்ற குமாரசுவாமி, நலிந்து வந்த நாட்டுக் கைவினைகளையும் கண்டார். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையிற் பணியாற்றி, 1947ஆம் ஆண்டு செத்தெம்பர் 9இல் மறைந்தார்.

அவர் விஞ்ஞானத்தைக் கைவிட்டாரே என வருந்துவாருமுளர். சிற்பமொன்றை அளந்து, ஒப்பிட்டு, வகைப்படுத்தும் பயிற்சியை அவருக்குத் தந்தது கல்லாராய்ச்சியே என்பது எம் கருத்து. விஞ்ஞானம் பயிலும் மாணவரும் கலை பயிலும் மாணவரும் தம்முள் வேற்றுமை பாராட்டாது அவரைத் தம்மவராகவே போற்றுவாராக. கரைத்தீவுக் கரையிலே கிடக்கும் சுண்ணாம்புக்கல்லையும் ஒருமுறை கையிலெடுத்து நோக்குவாராக.