குருதி சிந்திய இடம் எது? – லிங்கன் தொடுத்த வினா

ஆபிரகாம் லிங்கன் என்றவுடன் அடிமைத்தளை அறுத்த பெருந்தகையே நம் நினைவில் எழுகிறார். மரக்குடிலில் பிறந்து வெள்ளை மாளிகை புகுந்த அவர்தம் வரலாற்றைப் பள்ளிப் பருவந்தொட்டே படித்து வருகிறோம். ஆயின், பெரும்புகழ் எய்துவதற்கு முன்னரே, தம் நாட்டுக் குடியரசுத் தலைவரை நோக்கி அவர் எழுப்பிய வினாவொன்றைப் பலரும் அறியார். போருக்குச் சொல்லப்பட்ட காரணம் மெய்தானா என்பதே அவ்வினா.

லிங்கன் 1809 பிப்ரவரி 12 அன்று கென்டக்கி மாநிலத்தில் எளிய உழவர் குடியில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். அவர் பள்ளி சென்ற நாள்களையெல்லாம் கூட்டினும் ஓராண்டுக்கு மிகாது. இரவல் நூல்களே அவருக்கு ஆசான்கள். கடைப் பணியாளராகவும் அஞ்சலகப் பொறுப்பாளராகவும் நில அளவையராகவும் உழைத்து, சட்டத்தைத் தாமே பயின்று வழக்கறிஞரானார். 1846ஆம் ஆண்டு இல்லினாய்ஸ் மாநிலத்திலிருந்து விக் கட்சியின் சார்பில் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வாண்டில்தான் மெக்சிகோப் போர் மூண்டது. 1845இல் டெக்சாஸைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட அமெரிக்கா, அதன் எல்லை ரியோ கிராண்டே ஆறு என்றது. மெக்சிகோவோ வடக்கேயுள்ள நியூசெஸ் ஆறே எல்லை என்றது. வழக்குக்குரிய அந்த இடைநிலத்திற்குள் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போல்க் 1846இன் தொடக்கத்தில் படையை ஏவினார். ஏப்ரல் 25 அன்று மெக்சிகோக் குதிரைப்படை ஓர் அமெரிக்கக் காவலணியைத் தாக்கியது. மெக்சிகோ எல்லை கடந்து வந்து அமெரிக்க மண்ணில் அமெரிக்கக் குருதியைச் சிந்திவிட்டது என்று போல்க் மே 11 அன்று காங்கிரசுக்கு அறிவித்தார். இரண்டே நாளில் போர் உறுதியாயிற்று. களத்தில் நிற்கும் வீரர்க்குத் துணை அனுப்புவதையும் போருக்கு இசைவு தருவதையும் ஒரே மசோதாவில் பிணைத்திருந்தனர். எதிர்ப்பவர் வீரர்களைக் கைவிட்டவராகத் தோன்றுவர் என்ற அச்சம் பலர் வாயை அடைத்தது. பிரதிநிதிகள் அவையில் 14 பேரே எதிர்த்து வாக்களித்தனர்.

1847 டிசம்பரில் அவையில் அமர்ந்த லிங்கன், அம்மாதம் 22ஆம் நாள் எட்டு வினாக்கள் கொண்ட தீர்மானத்தை முன்வைத்தார். குருதி சிந்திய அந்த இடம் எது? அது யார் ஆட்சியில் இருந்தது? அங்கு வாழ்ந்த மக்கள் அமெரிக்க அரசுக்கு என்றேனும் வரி செலுத்தினரா? படையைக் கண்டு அவர்கள் தம் வீடும் விளைச்சலும் விட்டு ஓடவில்லையா? இவ்வாறு வழக்கறிஞர் சான்றாளரை வினவுவது போல் வினவினார். போல்க் விடையளிக்கவில்லை. 1848 ஜனவரி 3 அன்று, இப்போர் தேவையின்றியும் அரசியலமைப்புக்கு மாறாகவும் குடியரசுத் தலைவரால் தொடங்கப்பட்டது என்னும் திருத்தம் 85க்கு 81 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அதனை ஆதரித்து வாக்களித்த லிங்கன், வீரர்க்கு வேண்டிய உணவுக்கும் பொருளுக்கும் மறுப்புச் சொல்லவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

சொந்த மாநிலத்தில் அவருக்கு ஏச்சே கிட்டியது. எதிர்க்கட்சி இதழ்கள் அவர் வினாவையே பட்டப்பெயராக்கி எள்ளின. கட்சியினரிடையே இருந்த முறைவைப்பின்படி அவர் மீண்டும் போட்டியிடவில்லை. அத்தொகுதியையும் அவர் கட்சி இழந்தது. பத்தாண்டு கழித்து, 1858இல், ஸ்டீபன் டக்ளஸ் மேடையில் அதே பழியை மீண்டும் சுமத்தினார்.

போரில் அமெரிக்கர் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் நோய்க்கு இரையாயினர். மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. போல்க்கின் நாட்குறிப்பு 1910இல் அச்சேறியபோது, தாக்குதல் செய்தி எட்டுவதற்கு முன்பே, மே 9 அன்று, அவர் தம் அமைச்சர்களுடன் போர் அறிவிப்புப் பற்றிக் கலந்து பேசியது வெளிப்பட்டது. முடிவு முந்தியது, காரணம் பின்னர் வந்து பொருந்தியது.

லிங்கன் 1860இல் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்றார். உள்நாட்டுப் போரையும் நடத்த நேர்ந்தது. அப்போது ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தமைக்காக அவரும் குறைகூறப்பட்டார். 1863 ஜனவரி 1 அன்று அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். 1865 ஏப்ரல் 14 இரவு சுடப்பட்டு, மறுநாள் காலை உயிர் நீத்தார்.

அநீதியான ஆட்சியாளன் முன் வாய்மை உரைத்தலை மேலான அறப்போராக நபிமொழி போற்றுகிறது. 2003இல் ஈராக் மீது போர் தொடுக்கச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் பின்னர் அங்குக் கிட்டவில்லை. ஆகவே லிங்கனின் வினா இன்றும் பழையதாகிவிடவில்லை. முரசு முழங்கும் வேளையில் எங்கே, எப்போது, யார் மண்ணில் என்று கேட்பவரைப் பகைவர் பக்கம் நிற்பவரென்று தூற்றுதல் எளிது. அக்கேள்வி கேட்கப்படாத நாட்டில் உயிர் கொடுப்போர் எளிய வீட்டுப் பிள்ளைகளே. கற்றறிந்த நம் மாணவச் செல்வங்கள், லிங்கனை நினைக்கும்போதெல்லாம் அந்த எட்டு வினாக்களையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.