சேர் டோராப்ஜி டாட்டா

சுவாமி விவேகானந்தரின் சரித்திரத்தைப் படித்தோர் 1893ஆம் ஆண்டுக் கப்பற் பிரயாணத்தை அறிவர். யப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்ற அக் கப்பலிலே சுவாமிகளோடு உடன் பிரயாணஞ் செய்தவர் பம்பாய் வணிகர் ஜாம்செட்ஜி டாட்டா. பாரதத்தில் விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழவேண்டுமென்ற தம் அவாவை 1898இல் சுவாமிகளுக்குக் கடிதமூலம் தெரிவித்தவரும் அவரே. ஜாம்செட்ஜியைப் பற்றிப் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். அவருடைய மூத்த மகனைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். இளைஞர் சங்க மலரொன்றிலே முதலில் நினைக்கத்தக்கவர் அந்த மகனே என்பது எமது எண்ணம்.

டோராப்ஜி 1859ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27இல் பம்பாயிலே பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜிலே பயின்ற காலத்தில் கிரிக்கெட்டிலும் உதைபந்தாட்டத்திலும் பரிசு பெற்றார். 1882இல் பம்பாயிலே பட்டம் பெற்றபின் இரண்டு வருடம் பத்திரிகைத் தொழில் பார்த்தார். பின்பு தந்தையார் அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார். அங்கே பஞ்சாலை வைத்தால் இலாபம் வருமா என்று பார்த்துவர வேண்டியது வேலை. செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் அடியிலிருந்தே தொழில் பழக வேண்டுமென்பது அந்தத் தகப்பனாரின் கொள்கை.

அவருடைய கலியாணமும் தந்தையார் பார்த்து வைத்ததே. ஜாம்செட்ஜி மைசூருக்குப் போயிருந்தபோது அங்கே கல்வி அதிகாரியாயிருந்த பாபா என்பவரின் வீட்டுக்குச் சென்றார். அவர் மகள் மேஹர்பாயைக் கண்டதும் இவளே எங்கள் வீட்டுக்கேற்ற மருமகள் என எண்ணினார். பம்பாய் திரும்பியதும் மகனை மைசூருக்கு அனுப்பினார். 1898இல் விவாகம் நிறைவேறியது. மாப்பிள்ளைக்கு வயது 38; பெண்ணுக்கு 18. இந்த வயது வேற்றுமை எம்முட் சிலருக்கு உறுத்தும். எனினும் அவ்விருவரும் முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒருவரையொருவர் பிரியாது வாழ்ந்தனர். மேஹர்பாய் சேலை உடுத்தபடியே ரென்னிஸ் ஆடிப் பரிசுகள் பல வென்றவர். பெண் கல்விக்கும் பால்ய விவாகத்தை ஒழிப்பதற்கும் உழைத்தவர். பிள்ளைச் செல்வம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

1904இல் ஜாம்செட்ஜி ஜேர்மனியிலே காலமானபோது அவர் கண்ட கனவுகளுட் பல கடதாசியிலேயே இருந்தன. இரும்பாலை, ஆராய்ச்சி நிலையம், நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் ஆகிய மூன்றையும் டோராப்ஜி, தம்பி இரத்தன்ஜியும் உறவினரும் துணைநிற்க, ஒவ்வொன்றாக நிறைவேற்றினார். இரும்புக் கம்பனி 1907இலும், பெங்களூர் விஞ்ஞான நிலையம் 1909இலும், மின்சாரக் கம்பனி 1910இலும் தோன்றின. தகப்பன் சொல்லிவிட்டுப்போன கருமத்தை மகன் முடித்துவைத்த கதை இது.

ஆயினும் நாம் இங்கே விரித்துரைக்க விரும்புவது அவருடைய விளையாட்டுத் தொண்டையே. கேம்பிரிட்ஜிலிருந்து வந்ததும் அவர் பம்பாய்ப் பாடசாலைகளை ஒன்றுசேர்த்து விளையாட்டுச் சங்கமொன்றை அமைப்பதில் முன்னின்று அதன் பொதுக் காரியதரிசியானார். அறுபது வயதிலும் அந்த ஆர்வம் தணியவில்லை. 1919இல் பூனாவிலுள்ள டெக்கான் ஜிம்கானாவின் போட்டிகளுக்கு அவர் தலைமை தாங்கினார். அங்கே ஓடினவர்கள் குடியானவர்கள். சப்பாத்து இல்லை, சீரான ஓடுபாதை இல்லை, தலைக்குமேலே வெயில். அவர்கள் ஓடி முடித்த நேரங்களைக் குறித்துப் பார்த்த டோராப்ஜி வியந்துபோனார். ஐரோப்பியர் பயிற்சிபெற்று எடுக்கும் நேரங்களுக்கு அவை வெகுதூரத்தில் இல்லை. தலைவர்கள் பெரும்பாலும் மாலையைப் பெற்றுக்கொண்டு, பரிசுகளைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவார்கள். இவரோ இந்த வெறுங்காலர்களை அடுத்த ஆண்டு ஒலிம்பிக்குக்கு அனுப்புவதென்று தீர்மானித்துக்கொண்டு எழுந்தார்.

தேசாதிபதியைக் கண்டு பேசினார். இலண்டனிலிருந்து அனுமதி வந்தது. ஆட்களைத் தெரிவுசெய்யக் கூடிய குழுவின் அறிவோ நகைப்புக்கிடமானது. நூறு யார் ஓட்டத்துக்கு எவ்வளவு நேரம் தகுதியாகும் என்று கேட்டபோது, பிரமுகர் ஒருவர் நிமிடக் கணக்கிலே விடை சொன்னாராம். இங்கே செக்கன்களும் அவற்றின் பத்திலொரு பங்குகளுமே பேசும் என்றறிந்ததும் அவர் திகைத்துப்போனார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் டோராப்ஜி காரியம் பார்த்தார். செலவுக்கு அரசாங்கமும் பொதுமக்களும் ஓரளவு கொடுத்தனர். அவரும் தம் கைப்பணத்தைத் தாராளமாகப் போட்டார்.

1920இல் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் நகருக்குச் சென்றது ஓட்டக்காரரும் மல்லர் இருவரும் கொண்ட சிறு குழு. பூர்மா பானர்ஜி கொடி ஏந்தினார். மரதன் ஓட்டத்திலே சௌகுலே பத்தொன்பதாவதாக வந்தார். பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் டோராப்ஜி சோர்ந்தாரில்லை. அந்த ஆண்டிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கத்தவரானார். 1924இல் டில்லியிலே அகில இந்தியப் போட்டி நடத்திப் பாரிசுக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்தார்கள். சென்னை மாகாணத்து இலட்சுமணன் தடைதாண்டி ஓட்டத்துக்குச் சென்றார். பின்னர் வை.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த நோரனும், சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தாபித்த ஹரி பக்கும் மாகாணந்தோறும் சென்று விளையாட்டுச் சங்கங்களை உருவாக்கினர். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தபோது டோராப்ஜியே முதல் தலைவர். மறுவருடம் பாட்டியாலா மகாராசாவுக்குத் தலைமையை விட்டுக் கொடுத்தார். பதவியை இறுகப் பிடித்துக்கொள்ளாத இக்குணம் சங்கம் நடத்துவோரிடம் அருமையாகவே காணப்படுவது. அவ்வருடமே ஆம்ஸ்ரடாமில் இந்திய ஹொக்கிக் குழு தங்கப்பதக்கம் வென்றது.

பாரிஸ் ஒலிம்பிக் நடந்த 1924ஆம் ஆண்டு அவர் வீட்டுக்குச் சோதனை ஆண்டு. யுத்தத்தின்பின் இரும்பின் விலை வீழ்ந்தது. முக்கிய வாடிக்கையாளரான யப்பானைப் பூமியதிர்ச்சி வேறு முறித்துவிட்டது. ஜாம்ஷெட்பூரிலே தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லையென்று தந்தி வந்தது. டோராப்ஜி தம் சொத்து முழுவதையும், மனைவியின் நகைகளையும், இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்து ஒரு கோடி ரூபா பெற்றார். அந்நகைகளுள் ஒன்று ஜூபிலி வைரம். 245 கரட் நிறையுடைய அது கோகினூரிலும் இருமடங்குக்கு மேற்பட்டது. ஆசையோடு மனைவிக்கு வாங்கிக் கொடுத்த வைரம். சம்பளம் கொடுக்கப்பட்டது, ஆலை பிழைத்தது, நகைகளும் மீண்டு வந்தன.

வைரம் மீண்டது, அதை அணிந்தவர் நிலைக்கவில்லை. 1931 யூன் மாதம் வேல்ஸ் நாட்டு வைத்தியசாலையொன்றில் மேஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் உயிர்நீத்தார். வயது 51. இலண்டனுக்கு அண்மையிலுள்ள புறூக்வுட் மயானத்தில் அவரை அடக்கஞ் செய்துவிட்டுத் தனியே திரும்பிய டோராப்ஜி ஓராண்டுக்குள் தம் கருமங்களையெல்லாம் ஒழுங்குசெய்தார். மனைவி பெயரால், அவரைக் கொன்ற அந்நோயின் ஆராய்ச்சிக்கென்று ஒரு நிதியம். எஞ்சிய சொத்து அனைத்துக்கும், அந்த வைரம் உட்பட, மற்றொரு தருமநிதி. வைரம் பின்னர் விற்கப்பட்டது. 1941இல் பம்பாயிலே திறந்த டாட்டா புற்றுநோய் வைத்தியசாலையும், மேஹர்பாயின் மருமகனான விஞ்ஞானி ஹோமி பாபா 1945இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும் அந்நிதியின் துணையால் எழுந்தவை.

1932 ஏப்ரலில், மனைவியின் சமாதியைப் பார்க்கும் விருப்போடு அவர் கப்பலேறினார். இங்கிலாந்து போய்ச்சேரவில்லை. யூன் 3இல், தந்தையார் இறந்த அதே ஜேர்மனியிலே, பாட் கிஸ்ஸிங்கன் என்னும் ஊரில் உயிர் பிரிந்தது. தந்தை ஜாம்செட்ஜியும் தம்பி இரத்தன்ஜியும் ஏற்கெனவே துயில்கொண்டிருந்த புறூக்வுட்டுக்கு உடலைக் கொண்டுசென்று, மேஹர்பாயின் பக்கத்திலே அடக்கஞ் செய்தனர்.