கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்

நம் சமுதாயத்தில் காயிதே மில்லத் என்ற பெயரை அறியாதவர் இரார். கல்லூரிக்கும் தெருக்களுக்கும் அப்பெயர் சூட்டப்பட்டுள்ளது. 1991ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாகை மாவட்டம் சில ஆண்டுகள் அவர்களின் பெயரைத் தாங்கியிருந்தது. எனினும், அப்பெயருக்குரியவர் நாட்டின் சட்டம் இயற்றும் அவைகளில் ஆற்றிய பணி யாது என்று கேட்டால், நம் இளைஞர்களில் பலர் விடை கூற இயலாது தயங்குவதைக் காண்கின்றோம். ஆகவே, அவர்களின் பொது வாழ்வின் அப்பகுதியை இம்மலரில் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். தந்தையார் மௌலவி கே.டி. மியாகான் ராவுத்தர் அவர்கள் மார்க்கக் கல்வியில் சிறந்தவர்கள். பட்டப் படிப்பை முடிக்கும் தறுவாயில், அண்ணல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பை ஏற்றுக் கல்லூரியைத் துறந்தார்கள் இஸ்மாயீல் சாஹிப் அவர்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு, முஸ்லிம் லீகின் பணிகளிலும் முன்னின்றார்கள். 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தின் 28 முஸ்லிம் தொகுதிகளையும் லீக் வென்றது. இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார்கள்.

மறு ஆண்டு நாடு பிரிந்தது. எல்லையில் குருதி ஆறாக ஓடிய காலம் அது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், அமைப்பை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தது. பாகிஸ்தானுக்கு லியாகத் அலீ கானும், இந்தியாவுக்கு இஸ்மாயீல் சாஹிபும் அமைப்பாளர்களாயினர். தாயகம் திரும்பியவர்களுக்குக் காத்திருந்தது பெருஞ்சுமை. லீக்கைக் கலைத்துவிட வேண்டும் என்ற குரல் ஆட்சியாளர்களிடமிருந்து மட்டுமன்றி, முஸ்லிம் தலைவர்கள் பலரிடமிருந்தும் எழுந்தது. அவர்களது அச்சம் பொருளற்றதன்று. பிரிவினைப் பழியைச் சுமந்த பெயரோடு இந்நாட்டில் அரசியல் நடத்த இயலுமா என்பதே அன்றைய கேள்வி. 1948 மார்ச் 10ஆம் நாள், சென்னையில் பின்னாளில் ராஜாஜி மண்டபம் எனப் பெயர் பெற்ற மாளிகையில் கூடிய கூட்டம், கலைப்பதில்லை என முடிவு செய்து, இஸ்மாயீல் சாஹிப் அவர்களைத் தலைவராகத் தேர்ந்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அவ்வாறு உருவாயிற்று.

அதே ஆண்டு அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார்கள். அங்கு அவர்கள் எழுப்பிய மூன்று பிரச்சினைகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, தனியார் சட்டம். பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு 1948 நவம்பர் 23ஆம் நாள் விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தனது தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை அவர்கள் கொண்டு வந்தார்கள். முஸ்லிம்களுக்கு மட்டுமன்றி, எல்லாச் சமூகங்களுக்கும் பொருந்தும் வகையில் அத்திருத்தம் அமைந்திருந்தது. திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும், விவாதத்திற்கு விடையளித்த டாக்டர் அம்பேத்கர், இப்பிரிவு அரசு முயலவேண்டும் என்று மட்டுமே கூறுகிறது என்றும், விரும்பி ஏற்போருக்கு மட்டும் அத்தகு சட்டம் பொருந்துமாறு எதிர்கால நாடாளுமன்றம் தொடங்கலாம் என்றும் விளக்கினார். அவ்விளக்கம் அவைக் குறிப்பில் இடம்பெறக் காரணமாயிருந்தவை, தோற்றுப்போன அத்தகைய திருத்தங்களேயாகும்.

இரண்டாவது, தேர்தல் முறை. 1949 மே மாதம், சட்டமன்றங்களில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டை நீக்கும் முடிவு சபையின் முன் வந்தது. ஒதுக்கீடும் தனித் தொகுதி முறையும் நீடிக்க வேண்டுமென இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் வாதிட்டார்கள். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே அதற்கு மாறான கருத்துடையோராயிருந்தனர். அதிலும் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை.

மூன்றாவது, மொழி. 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நிகழ்ந்தது. தமிழை ஆட்சிமொழியாக்கக் கோரியவர் எனச் சிலர் மேடைகளில் கூறுவர். உண்மை சற்றே வேறு. தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியையே, பெரும்பாலோர்க்கு விளங்குவது என்பதால், அவர்கள் ஆதரித்தார்கள். ஆனால் தொன்மையே அளவுகோல் என்றால், இம்மண்ணின் மிகப் பழைய மொழிகள் திராவிட மொழிகளே என்றும், அவற்றுள் தமிழ் வளமிக்கது, அது தமது தாய்மொழி என்றும் அச்சபையில் பெருமையுடன் எடுத்துரைத்தார்கள்.

மூன்றிலும் அவர்கள் வேண்டியது கிட்டவில்லை. இதன் பின்னர் அவர்கள் மேற்கொண்ட வழியே நமக்குப் பெரும் படிப்பினை எனக் கருதுகின்றோம். தாம் விரும்பாத தேர்தல் முறையைக் கொண்ட அரசியல் சட்டத்தின் கீழேயே, அச்சட்டத்திற்குக் கட்டுப்பட்டு, இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார்கள். 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இடம்பெற்றார்கள். பின்னர் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மஞ்சேரி தனித் தொகுதியன்று. எல்லா மதத்தாரும் வாக்களிக்கும் பொதுத் தொகுதி. திருநெல்வேலியில் பிறந்த தமிழரை மலையாள மண்ணின் மக்கள் மும்முறை தமது பிரதிநிதியாக ஏற்றனர்.

பொதுத் தொகுதி முறையில் சிறுபான்மையினர் தனித்து நின்று பயனில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். 1967இல் தமிழகத்தில் அறிஞர் அண்ணா தலைமையிலான தி.மு.கழகத்துடன் லீக் உடன்பாடு கொண்டது. அதே ஆண்டு கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் லீகின் இருவர் இடம்பெற்றனர், சி.எச். முஹம்மது கோயா கல்வித் துறையை ஏற்றார். கலைத்துவிடுமாறு கூறப்பட்ட அமைப்பு, இருபதாண்டுகளுக்குள் ஓர் அரசின் அங்கமாயிற்று. 1969 ஜூன் 16ஆம் நாள் மலப்புரம் மாவட்டம் உருவானதும் அவ்வரசின் காலத்திலேயே.

மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே, 1972 ஏப்ரல் 5ஆம் நாள், தமது 75ஆம் வயதில் அவர்கள் சென்னையில் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

வாக்கெடுப்பில் தோற்ற கருத்தும் பதிவாகி நிற்குமாயின், பின்வரும் தலைமுறைக்கு அது பயன்படும் என்பதற்கு அவர்களின் வாழ்வு சான்றாகும். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் அச்சில் உள்ளன, யாவரும் படிக்கலாம். சட்டம் பயிலும் நம் பிள்ளைகள் 1948 நவம்பர் 23ஆம் நாள் விவாதத்தை ஒருமுறையேனும் முழுமையாகப் படிக்க வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கின்றோம். தலைவரின் பெயரைத் தெருவுக்குச் சூட்டுவது எளிது. அவர்கள் வாதிட்டது எதற்காக என்பதை அறிந்து வைத்திருப்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும். மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.